மெரினா வானில் 72 விமானங்கள்: பார்த்ததும் படித்த பாடமும்



செல்லூரில் இருக்கும் நமக்குப் போர் விமானம் என்றால், குடியரசு தின அணிவகுப்பை டிவியில் பார்ப்பதோடு சரி. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை சென்னை மெரினாவில் அது நேரில் காணும் காட்சியானது. அன்று எடுத்த படங்களை இன்னும் போனில் பத்திரமாக வைத்திருப்பவர் நம் குடியிருப்பிலும் இருக்கலாம். அந்த நாளின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

விமானத்தை வேடிக்கை பார்க்கும் பழக்கம் சென்னைக்குப் புதிதல்ல. 1910-இலேயே மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் ஒரு விமானத்தைச் செய்யவைத்து, பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு பறந்து காட்டினார்.

இந்திய விமானப்படை தொடங்கியது 1932 அக்டோபர் 8. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கராச்சியில் அதன் முதல் படைப்பிரிவு உருவானபோது கையில் இருந்தவை நான்கே நான்கு 'வாப்பிட்டி' விமானங்கள். 92-ஆவது ஆண்டு விழாவுக்காக மெரினா வானில் வந்தவையோ 72. ரஃபேல், சுகோய்-30, மிக்-29 எல்லாம் சீறிப் பாய்ந்தன. பழைய டகோட்டாவும் பறந்தது. 2003-க்குப் பிறகு சென்னையில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சி இதுதான்.

இவற்றில் சில நமக்கு அண்டை வீட்டுக்காரர்கள். தேஜஸ் போர் விமானங்களும் சாரங் ஹெலிகாப்டர் குழுவும் கோவை அருகே சூலூர் தளத்தைச் சேர்ந்தவை. சுகோய்-30 விமானங்களுக்கான படைப்பிரிவு ஒன்று 2020 ஜனவரி முதல் தஞ்சாவூரில் இயங்குகிறது.

படம் எடுக்கப் போனவர்களில் பலருக்கு வெறும் வானம்தான் கிடைத்திருக்கும். காரணம் எளிது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 2 கிலோமீட்டர் தொலைவில் வரும் விமானத்தின் சத்தம் நம் காதுக்கு எட்ட ஏறக்குறைய 6 வினாடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் அதற்குள் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிவிடும். ஆகவே சத்தம் கேட்கும் இடத்தில் தேடாதீர்கள். அதற்கு முன்னால் பாருங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகமாக வைத்து, விமானம் போகும் திசையிலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். ஹெலிகாப்டருக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள்; இல்லையென்றால் இறக்கைகள் சுழலாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும்.

ஆனால் அந்த நாளை நாம் நினைவில் வைக்க வேண்டிய காரணம் வேறு. நிகழ்ச்சி காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை. இலவசம் வேறு. சுமார் 15 லட்சம் பேர் கூடியதாகச் செய்திகள் சொல்லின. காலையிலேயே மணலில் இடம்பிடித்தவர்கள் உச்சி வெயிலில் நிழலின்றி உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப, சாலைகளும் பறக்கும் ரயில் நிலையங்களும் திணறின. 5 பேர் உயிரிழந்தனர். குடை, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி முன்பே அறிவித்தோம் என்றது அரசு. குடிநீர் ஏற்பாடு போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். வானில் பறந்த 72 விமானங்களும் பத்திரமாகத் திரும்பின. தரையில் நின்று பார்த்தவர்களில் 5 பேர் வீடு திரும்பவில்லை.

மதுரைக்காரர்களுக்குக் கூட்டம் புதிதா என்ன? நமக்குப் பக்கத்திலேயே, ஆழ்வார்புரம் வைகையில், சித்திரை வெயிலில் கள்ளழகர் இறங்கும்போது லட்சக்கணக்கில் கூடுகிறோம். தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், பானகம், விசிறி. யாரும் உத்தரவு போட்டு நடப்பதில்லை இது. அந்த வழக்கத்தின் அருமை மெரினாவை நினைத்தால் புரியும். அதற்காக நாம் மார்தட்டவும் முடியாது. 2022 சித்திரைத் திருவிழா நெரிசலில் 2 பேரை இதே ஆற்றில் இழந்தோம். தாகம் தீர்க்கத் தெரிந்த ஊர், வெளியே போக வழிவிடவும் கற்றாக வேண்டும்.

அடுத்து இப்படியொரு நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டால் கட்டாயம் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் அனுபவம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், குடை, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முதியோரையும் கைக்குழந்தைகளையும் வெயிலில் காக்க வைக்காதீர்கள். முடிந்தவுடன் முண்டியடிக்காமல், நிழல் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். விமானப்படைத் தளங்களின் அருகே மட்டும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அங்கே படம் எடுப்பது சட்டப்படி குற்றம்.

சேர்ந்து போக விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்து வைக்கலாம். ஒரே வண்டியில் போனால், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு திரும்பி வரலாம்.