சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஆங்கில வழக்கு

தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில இல்லங்களில் ஒரே கூடத்தில், புழங்கிவரும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஆங்கிலம் பெற்ற ஸ்தானம் பள்ளிப் படிப்பால் வந்ததைவிட சர்க்கார் கச்சேரியாலும் கோயிலாலும் வந்ததே மிகுதி. 1801இல் கர்நாடகப் பிரதேசம் கும்பினியார் வசமானபோது திருமலைக் கோயில் நிர்வாகமும் கலெக்டரின் மேற்பார்வைக்கு உட்பட்டு, 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்படும்வரை அவ்வாறே நடைபெற்றது. 1911இல் தனி ஜில்லாவான சித்தூர் 1953இல் ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தை அடைந்தது. ஆயினும் கலெக்டர், கோர்ட்டு, ரோடு ஆகிய சொற்கள் எல்லையின் இருபுறமும் ஒன்றாகவே நின்றன.

இச்சொற்கள் வந்த வேஷத்திலேயே இருந்துவிடவில்லை. திருமலையில் அறை வேண்டிய தமிழர் ‘ரூம் புக் பண்ணினேன்’ என்பார். தெலுங்கர் ‘ரூம் புக் சேசானு’ என்பார். வினையை முடித்துவைக்கும் சொல் அவரவர் தாய்மொழி; நடுவிலுள்ள ஆங்கிலம் இருவருக்கும் பொது என்பதால், கவுண்டரில் காரியம் தடையின்றி நடந்துவிடுகிறது. தெலுங்கர் நாவில் டிக்கெட்டு பன்மையேற்று ‘டிக்கெட்லு’ ஆகும். ‘கியூலைன்’ என்பது ஆங்கிலேயர் செவிக்குக் கூறியது கூறலாகவே ஒலிக்கும். மலையிலோ அது கம்பித் தடுப்புகளுக்கிடையே மணிக்கணக்கில் நகரும் அந்த வரிசைக்கே உரிய பெயர். நன்கொடையாளர் கட்டிய மாடிக் கட்டடமும் அங்கே ‘காட்டேஜ்’ தான்.

இவற்றுள் விசித்திரமானது ‘பிரேக்’. பொது வரிசையைச் சிறிது நேரம் நிறுத்தி, பிரமுகர்களையும் சிபாரிசுக் கடிதம் பெற்றவர்களையும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு பிரேக் தரிசனம் என்று பெயர் ஏற்பட, நாளடைவில் தரிசனம் என்ற சொல்லும் உதிர்ந்து, ‘பிரேக் கிடைத்ததா?’ என்று கேட்பதே வழக்காயிற்று. வரிசையில் நிற்பவனுக்குத் தடையைக் குறித்த சொல், கடிதம் வைத்திருப்பவனுக்குப் பாக்கியத்தைக் குறிக்கலாயிற்று. அதிகாரம் எங்கிருக்கிறதோ பொருளும் அங்கே சாய்வது இயல்புதானே!

இலக்கிய ஆங்கிலத்துக்கும் இந்த ஜில்லாவில் ஒரு சரித்திரம் உண்டு: அந்நாளில் இதைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் தியசாபிகல் கல்லூரியில் தங்கியிருந்த ரவீந்திரநாத் தாகூர், 1919இல் ‘ஜன கண மன’வை அங்குதான் ஆங்கிலமாக்கினார். பள்ளி ஆங்கிலமோ நீதிமன்றம்வரை போயிற்று: ஆந்திர அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வியைக் கட்டாயமாக்கி 2019இல் பிறந்த ஆணையை உயர்நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ரத்துச் செய்தது. வழக்கு அதன்பின் உச்சநீதிமன்றம் சென்றது.