ஷெல்லாக்

என்ஜினைப் பிரித்துக் கட்டும்போது பேக்கிங்கில் தடவும் பழுப்புப் பசை. நம் அரக்கேதான் இது. அரக்குப்பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினை உருக்கி மெல்லிய தகடாக இழுத்தால், ஆறியதும் ஓடுபோல் உடையும். ‘ஷெல்’ என்பது அந்த ஓடு. ‘லாக்’, வடமொழி லாக்ஷாவின் வழி வந்தது. சில்லுகளை ஸ்பிரிட்டில் கரைத்தால் பசை தயார். ஸ்பிரிட்டில் கரையும் அரக்கு என்ஜின் ஆயிலில் கரையாது. அதுதான் இதன் அருமை. பூசிய பசை விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் என்ஜின் மூடியைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி, பிசுக்கைத் துடைக்காவிட்டால் எவ்வளவு பூசினாலும் கசியும். இன்று பலர் சிலிக்கோன் பசைக்கு மாறிவிட்டார்கள். அதை அள்ளி அப்பவே கூடாது: உள்ளே பிதுங்கிய துணுக்கு ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும்.