மண் அளைந்த கடவுளும் மண் சுமந்த கடவுளும்

இன்று திருவிளையாடற் புராணத்துக்குப் பக்கத்தில் ஒரு கணனி விளையாட்டை வைத்துப் பார்க்கப் போகிறேன். முகஞ்சுளிக்க வேண்டாம். கடவுளையும் விளையாட்டையும் சேர்த்துப் பேச நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றையும் இறைவனின் விளையாட்டென்று சொல்லிவிட்டுத்தானே கம்பர் தம் காவியத்துக்குள் நுழைகிறார்!

1989ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புல்புறொக் என்ற சிறு நிறுவனம் 'பொப்பியுலஸ்' என்ற விளையாட்டை உருவாக்கியது. அதன் கர்த்தாக்களில் முதன்மையானவர் பீற்றர் மொலினியூ. இதில் ஆடுபவரே கடவுள். வானிலிருந்து பார்க்கிறார்; கீழே சின்னஞ்சிறு மனிதர்கள் அலைகிறார்கள். அவர்களைக் கைபிடித்து நடத்த முடியாது. நிலத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம். சமதரை கிடைத்தால் அவர்கள் குடிசை போடுவார்கள். தரை அகன்றால் அது கோட்டையாகும். குடி பெருகப் பெருக அவர்களுடைய வழிபாடு கடவுளுக்குச் சக்தியாகச் சேரும். அதைச் செலவிட்டு நிலநடுக்கம், எரிமலை, வெள்ளம் எதையும் ஏவலாம். யார்மீது? எதிர்ப்புறத்தில் இன்னொரு கடவுளும் அவருடைய குடிகளும் இருக்கிறார்கள். அவர்களை ஒழித்தால் வெற்றி.

அடியாரின் பக்தியைத் தின்று வளரும் தெய்வம்! இதுவும் நமக்கு முற்றிலும் புதிதன்று. வேள்வியின் அவிர்ப்பாகத்தால் தேவர்கள் வலிமை பெறுவது வேத வழக்கு. ஆனால் சைவ சித்தாந்தம் சிவனை அந்த வரிசையில் நிறுத்தாது. அவன் நிறைவுடையவன், வணங்குவதன் பயன் வணங்கும் உயிருக்கே. 1991இல் வந்த இரண்டாம் பாகத்தைக் கிரேக்கத் தெய்வங்களை வைத்தே அமைத்தார்கள். பொருத்தமான தெரிவுதான். திரோய்ப் போரில் ஆளுக்கொரு பக்கம் நின்று மனிதரை மோதவிட்ட தெய்வங்கள் அல்லவா அவை!

இனிப் பரஞ்சோதி முனிவரிடம் வருவோம். அறுபத்துநான்கு படலங்களுள் மண் சுமந்த படலம் ஒன்று. மாணிக்கவாசகரை ஒறுத்த பாண்டியனுக்காக வைகையைப் பெருகவிட்டவன் இறைவன்தான். அதுவரை அவனும் அந்த விளையாட்டுக் கடவுளும் ஒன்று. பிறகுதான் வேறுபாடு. கரை அடைக்க வீட்டுக்கொரு பங்கு என்று அளந்துவிடுகிறார்கள். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, கூடையும் மண்வெட்டியுமாக அவனே கூலியாளாக இறங்குகிறான். உண்கிறான், ஆடுகிறான், தூங்குகிறான், பிரம்படியும் வாங்குகிறான். அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்மீதும் விழுகிறது. கணனித் திரையின் கடவுளுக்கு அடி விழ வழியே இல்லை. வெள்ளத்தை ஏவுமுன் தன் குடிகளை மேட்டில் ஏற்றிவிட்டால், தாழ நிற்கும் எதிரிக் குடிகள் மூழ்குவதை அவர் நிம்மதியாகப் பார்த்திருக்கலாம்.

2004 டிசம்பர் 26 காலை எங்கள் குச்சவெளிக் கரையிலும் கடல் ஏறியது. யாருடைய குடி, யாருடைய கடவுள் என்று அது பார்க்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகவே இழந்தார்கள். அதற்குப் பின் இந்தக் கரையில் திருவிளையாடலைப் படிப்பிப்பது இலகுவாக இல்லை. வருணன் விட்ட கடலை இறைவன் வற்றச் செய்த படலம் வந்தால், 'இங்கே ஏன் வற்றச் செய்யவில்லை?' என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும். புராணத்தில் அதற்கு விடை இல்லை, என்னிடமும் இல்லை. மண் சுமந்த படலத்தில் மட்டும் வகுப்பு இளகிவிடுகிறது. வெள்ளம் ஏன் வந்ததென்று கேட்க மறந்து, அன்றைக்கு வந்தி அவித்த பிட்டு முழுவதுமே உதிர்ந்துபோயிற்றா, கிழவிக்கு விற்க ஏதும் மிஞ்சியதா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.