செத்துப்போன டிவியும் வீங்கிய கண்டன்சரும்: ஒரு சின்ன வரலாறு

நான் படிப்பது பி.காம். எலக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனாலும் இந்தக் கட்டுரை டிவிக்குள் இருக்கும் பவர் சப்ளை போர்டைப் பற்றியது. காரணம் எங்கள் வீட்டு டிவிதான்.

வாங்கி ஒன்பது வருடம் ஆன தட்டை டிவி. முதலில் ஆன் செய்தால் ஐந்து நிமிடம் கழித்துப் படம் வந்தது. பிறகு அரை மணி நேரம் ஆனது. கடைசியில் சிவப்பு விளக்கு மட்டும் மின்ன, உள்ளே "டிக்... டிக்..." என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டினோம். "போர்டையே மாத்தணும், அதுக்குப் புது டிவி வாங்கிடலாம்" என்றார்கள். திருப்பாலைக்குடிக்கே திருப்பிக் கொண்டுவந்து, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்தோம். அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இங்க பாருங்க. கண்டன்சர் வயிறு வீங்கியிருக்கு!"

அந்த வீக்கத்துக்குப் பின்னால் ஒரு உலக வரலாறே இருக்கிறது.

கனமான பெட்டியிலிருந்து லேசான போர்டுக்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். ஆனால் அதன் அலை எங்கள் கடற்கரை வரை வராது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது அந்த அலை கடலைத் தாண்டி வந்தது. உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி ரூபவாஹினி பார்த்த கதையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பின்னாளில் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு தூர்தர்ஷன் கோபுரமே எழுந்தது.

அந்தக் காலத்துச் சின்னக் கருப்பு வெள்ளைப் பெட்டிகள் பலவற்றில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 230 வோல்ட்டைக் குறைத்து 12 வோல்ட் ஆக்குவது அதன் வேலை. கரண்ட் இல்லாவிட்டால் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். ஆனால் எடை அதிகம், சூடாக வீணாகும் மின்சாரமும் அதிகம்.

அதன் இடத்துக்கு வந்ததுதான் எஸ்.எம்.பி.எஸ். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. எஸ்.எம்.பி.எஸ். அதை முதலில் டி.சி. ஆக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பும். வேகம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருந்தாலே போதும். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்பவர் இந்த முறையில்தான் பவர் சப்ளை செய்தார். இது இல்லாவிட்டால் சுவரில் மாட்டும் டிவியே இல்லை!

ஆனால் வெட்டி அனுப்பிய மின்சாரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். அதைச் சமன் செய்பவை எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள். போர்டிலேயே அதிகம் உழைப்பதும், சீக்கிரம் சாவதும் இவைதான்.

கண்டன்சர் கொள்ளை நோய்

கண்டன்சருக்குள் அலுமினியத் தகடும் ஒரு திரவமும் இருக்கும. விலை குறைவு என்பதால் தண்ணீர் அதிகம் சேர்ந்த திரவத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தண்ணீர் அலுமினியத்தை அரிக்காமல் தடுக்கச் சில ரசாயனங்கள் சேர்க்க வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, டப்பா வீங்கி, தலையில் உள்ள கோடு பிளந்துவிடும்.

சுமார் 1999 முதல் 2007 வரை உலகம் முழுவதும் இப்படிக் கண்டன்சர்கள் செத்தன. ஜப்பான் நிறுவனத்தின் திரவச் சூத்திரம் அரைகுறையாகத் திருடப்பட்டுத் தைவான் போனதுதான் காரணம் என்று 2002-ல் தொழில் பத்திரிகைகள் எழுதின. 2005-ல் டெல் நிறுவனம் பழுதான கம்ப்யூட்டர்களுக்காக 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது.

டிவிக்கும் இந்தத் தொல்லை வந்தது. 2008-க்குள் அமெரிக்காவில் விற்ற சில சாம்சங் டிவிகள் ஆன் ஆகாமல் "டிக் டிக்" என்றன. வழக்குப் போட்டார்கள். 2012-ல் சமரசம் ஆனது. நிறுவனம் இலவசமாகப் பழுது பார்த்துத் தரவும், ஏற்கெனவே செலவு செய்தவர்களுக்குப் பணம் தரவும் ஒப்புக்கொண்டது. சுமார் 70 லட்சம் டிவிகள் சம்பந்தப்பட்ட விவகாரம்!

ஒரு சின்னக் கணக்கு

திருட்டுச் சூத்திரம் இல்லாவிட்டாலும் கண்டன்சருக்கு ஆயுள் உண்டு. "105 டிகிரி, 2,000 மணி நேரம்" என்ற தரத்தில் வருவதை எடுத்துக்கொள்வோம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுவான விதி. 85 டிகிரியில் 8,000 மணி, 75 டிகிரியில் 16,000 மணி. தினமும் ஐந்து மணி நேரம் டிவி ஓடினால் முதலாவது நாலரை வருடம்கூட வராது. இரண்டாவது எட்டே முக்கால் வருடம். எங்கள் டிவிக்கு வயது ஒன்பது!

அதாவது சூடான பாகத்துக்குப் பக்கத்தில் கண்டன்சரை வைப்பதா, கொஞ்சம் தள்ளி வைப்பதா என்பதில் டிவியின் ஆயுளே பாதியாகிவிடும். சில ரூபாய் மிச்சம் கம்பெனிக்கு, மொத்த நஷ்டம் நமக்கு. இதைக் கணக்குப்பதிவியல் பாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

அண்ணன் செய்தது

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கண்டன்சரில் தங்கியிருந்த மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கினார். அதில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கை வைத்தால் உயிர் போகலாம். (தெரியாதவர்கள் முயற்சி செய்யாதீர்கள்!) ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபியூஸ் கருகியிருந்தால் உள்ளே வேறு பாகம் ஷார்ட் ஆகியிருக்கும், கண்டன்சரை மட்டும் மாற்றிப் பயனில்லை என்றார். பிறகு திரும்பப் பிளக் மாட்டி மீட்டர் வைத்துப் பார்த்தார். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மூன்றரைதான் துடித்துக்கொண்டிருந்தது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தை இறக்கி, வீங்கிய இரண்டையும் கழற்றினார். அதே மைக்ரோஃபாரட், கூடுதல் வோல்ட் தாங்கும், 105 டிகிரிச் சரக்கை வைத்துப் பற்றவைத்தார். கடல் காற்றில் உப்புப் படிந்திருந்த இடங்களையும் துலக்கினார். டிவி உடனே வந்துவிட்டது. அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை.

இந்தியாவில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை" குறித்து ஒரு குழு அமைத்தது. நல்ல விஷயம்தான். உதிரி பாகமும் சர்க்கியூட் படமும் ஊர் மெக்கானிக்கின் கைக்கு வந்தால்தான் அந்த உரிமைக்கு அர்த்தம். இந்த அண்ணனைப் போன்றவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டால், நல்ல டிவிகளெல்லாம் சில ரூபாய்ச் சாமானுக்காகக் குப்பைக்குப் போகும்.

உங்கள் வீட்டு டிவி "டிக் டிக்" என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறாரா என்று பாருங்கள்!