பிறேயும் அசையுஞ் சித்திரமும்

அசையுஞ் சித்திரம் என்றதும் உவால்ற் டிசினியின் பெயரே நினைவுக்கு வரும். அவருக்கு முன்னரே அக்கலையைத் தொழிலாக்கியவர் ஐக்கிய அமெரிக்கரான ஜோன் றன்டோல்ப் பிறே (1879–1978) ஆவார்.

அக்காலத்தில் ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான தாள்கள் வேண்டும். அசையும் உருவத்தோடு அசையாத மலையையும் மரத்தையும் தாள்தோறும் மீள வரைதல் வேண்டும். வின்சர் மக்கே 1914இல் வெளியிட்ட 'கேட்டி' என்னும் படத்துக்குப் பின்னணியை மீளமீள வரைவதற்கென்றே ஓர் உதவியாளர் இருந்தார். பிறே பின்னணியைத் தாள்களில் அச்சிட்டு அவ்வீணுழைப்பைக் குறைத்தார். ஏள் ஹேட் என்பாரோ உருவத்தை ஒளிபுகும் செலுலோயிட்டுத் தாளில் வரைந்து, ஒரே பின்னணிமீது வைத்துப் படம்பிடிக்கும் முறையைக் கண்டார். இதுவே சிறந்த முறை. பிறே அவரோடு போட்டியிடாது கூட்டுச் சேர்ந்தார். வணிக நுண்ணறிவு என்பது இதுதான் போலும்! ஆக்கவுரிமைகள் 1932இல் காலாவதியாகும்வரை ஏனைய நிலையங்கள் பலவும் அவர்களுக்குக் கட்டணஞ் செலுத்தின.

ஆயினும், பிறர் முன்னரே கையாண்ட உத்திகளுக்கும் உரிமை கொண்டாடினார் என்னும் பழி அவரைச் சாரும். தம் முறைகளை ஒளியாது காட்டிய மக்கேமீதே வழக்குத் தொடுத்தார். அதில் வெற்றி கண்டாரல்லர். கலைத்திறத்திலும் அவர் மக்கேக்கு ஈடாகார். எனினும், வேலையைப் பலரிடையே பகிர்ந்து, தவணை தவறாது படம் வெளியிடும் ஒழுங்கை நிலைநாட்டியவர் அவரே. அவரது நிலையத்திற் பணிபுரிந்த மக்ஸ் பிளெயிசரும் உவால்ற்றர் லான்ற்சும் பின்னர்த் தத்தம் நிலையங்களை அவ்வொழுங்கிலேயே நடத்தினர்.