தேக்கு இலைத்தின்னிப் புழுவும் நிலம்பூர்த் தோட்டங்களும்

வளர்ப்புக் காடு பூச்சித் தாக்குதலை எந்த அளவுக்குத் தாங்கும் என்பது இந்தியாவில் விரிவாக ஆராயப்பட்ட இடங்களுள் கேரளத்தின் நிலம்பூர் முதன்மையானது. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த 1840களில், கலெக்டர் கனோலியின் முயற்சியால் இங்கே தேக்கு நடவு தொடங்கியது. முளைக்க மறுத்த விதைகளோடு மல்லுக்கட்டித் தோட்டங்களை உருவாக்கியவர் சாத்து மேனன். அக்கால நடவில் 2.31 ஹெக்டேர், 'கனோலி பிளாட்' என்ற பெயரில் இன்றும் நிற்கிறது.

தேக்கின் பெரும்பகைவன் ஹைப்ளேயா ப்யூரா என்னும் அந்துப்பூச்சியின் புழு. இது பெருகித் தாக்கியதைத் திருவிதாங்கூர் வனக் காப்பாளர் போர்டில்லன் 1898இல் கோன்னியில் பதிவு செய்தார். அதற்கு முன் தாக்குதலே இல்லை என்று கொள்வதற்கில்லை. பின்னர் டேராடூனில் வனப் பூச்சியியலாளர் பீசன் இதை ஆராய்ந்தார். இழப்பு எவ்வளவு என்பதில் அக்கால மதிப்பீடுகள் பெரிதும் வேறுபட்டன. 1965இல் கோன்னியில் வானிலிருந்து மருந்து தெளித்துப் பார்த்தார்கள்.

1975இல் நிறுவப்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிறுவனம்தான் இழப்பை முறையாக அளந்தது. கோடை மழைக்குப் பின் தளிர் விடும்போது அந்துகள் கூட்டமாக வந்து முட்டையிடும். இளம்புழு இலையோரத்தை வெட்டி மடித்து, அதற்குள் ஒளிந்து தின்னும். சில நாளில் தோப்பு மொட்டையாகும். எச்சம் சருகின்மேல் தூறலைப்போல் விழும். வளர்ந்த புழுக்கள் நூலிழையில் தொங்கி இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். மரம் சாவதில்லை, மறுபடி துளிர்க்கிறது. இதனால்தான் இழப்பு நெடுங்காலம் கண்ணுக்குப் படவில்லை எனலாம். அந்நிறுவனத்தின் நாயரும் உடன் ஆய்வாளர்களும் இளந்தோட்டம் ஒன்றில் சில பாத்திகளை மருந்தடித்துக் காத்து, சிலவற்றை விட்டுவைத்து, ஐந்தாண்டு அளந்தனர். 1985இல் வெளியான முடிவின்படி, காக்கப்படாத மரங்கள் அடையக்கூடிய கன அளவு வளர்ச்சியில் 44 விழுக்காட்டை இழந்தன. இலையைச் சல்லடையாக்கும் மற்றொரு புழுவால் குறிப்பிடத்தக்க இழப்பில்லை. இளமரங்களில் கண்ட கணக்கு முதிர்ந்த தோட்டத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. முதல் அந்துகள் காற்றோடு தொலைவிலிருந்து வருகின்றனவா, உள்ளூரிலேயே தங்கிப் பெருகுகின்றனவா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

இப்புழுவைக் கொல்லும் வைரஸ் ஒன்று பின்னர் கண்டறியப்பட்டுத் தெளிப்பு மருந்தாகச் சோதிக்கப்பட்டது. புழு சிறிதாக இருக்கும் சில நாட்களுக்குள் அடித்தால்தான் பலன். அதற்குள் தாக்குதல் தொடங்கிய இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று.