ஆதிரையை அளந்த இரவும் அதற்குப் பின்னும்

அண்டத்தில் மிகப் பெரிய விண்மீன் எது என்று கேட்டால், பொது அறிவு நூல்கள் பல ஆண்டுகளாக ஒரே விடையைச் சொல்லிவருகின்றன: யூஒய் ஸ்கூட்டி, ஆரம் சூரியனைப்போல் 1,708 மடங்கு. 2013இல் அந்த எண்ணை வெளியிட்ட ஆய்வாளர்கள் அதன் அருகிலேயே, 192 கூடலாம் அல்லது குறையலாம் என்ற பிழைவரம்பையும் எழுதியிருந்தார்கள். நூல்கள் எண்ணை எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிட்டன. அதைவிட முக்கியமான ஒன்றும் விடுபட்டது. அந்த விண்மீன் ஏறத்தாழ 9,500 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கணக்கு போடப்பட்டது. பின்னர் ஐரோப்பாவின் கையா விண்கலம் தந்த அளவுகளின்படி அது 6,000 ஒளியாண்டுக்கும் உள்ளேயே இருக்கிறது. தொலைவு சுருங்கியதும் உருவமும் சுருங்கி, ஆயிரம் மடங்குக்குக் கீழே வந்துவிட்டது.

விண்மீனின் அளவைச் சொல்வதற்கு முன்பு அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. வானத்தில் நமக்குக் கிடைப்பது ஒரு கோணம் மட்டுமே. அதைத் தொலைவோடு பெருக்கினால்தான் கிலோமீட்டர் வரும். ஆனால் அந்தக் கோணமே நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. அதை முதன்முதலில் பிடித்த கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

இரண்டு கண்ணாடிகளில் விழும் ஒரே விண்மீனின் ஒளியை ஒன்றாகச் சேர்த்தால், இருளும் ஒளியுமாக வரிகள் தோன்றும். கண்ணாடிகளை விலக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அந்த வரிகள் மறையும். மறையும் இடைவெளியிலிருந்து விண்மீனின் கோண விட்டத்தைக் கணக்கிடலாம். விட்டம் பெரிதானால் வரிகள் சீக்கிரம் மறையும். இந்த யோசனையை 1868இல் பிரான்சின் ஃபிசோ சொன்னார். அமெரிக்காவின் ஆல்பர்ட் மைக்கல்சன் 1891இல் இதே வழியில் வியாழனின் நிலவுகளை அளந்து காட்டினார். விண்மீனுக்கு இன்னும் அகன்ற கருவி வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில், அன்றைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியான நூறு அங்குல ஹூக்கர் தொலைநோக்கியின் தலைமேல் இருபது அடி நீள எஃகு உத்தரம் ஒன்றைக் குறுக்காகப் பொருத்தினார்கள். கண்ணாடிகள் அதன்மேல் நகர்ந்தன.

1920 டிசம்பர் 13ஆம் நாள் இரவு வானியலாளர் ஃபிரான்சிஸ் பீஸ் குறுக்கீட்டுமானி எனப்படும் அந்தக் கருவியைத் திருவாதிரையை நோக்கித் திருப்பினார். கண்ணாடிகளுக்கு இடையே 121 அங்குலம் வந்தபோது வரிகள் மறைந்தன. கோண விட்டம் 0.047 விகலை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் நம் கண்ணுக்குக் காட்டும் அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதே ஆண்டில் ஆர்தர் எடிங்டன் வெறும் கோட்பாட்டைக்கொண்டு, ஆதிரையின் கோணம் 0.051 விகலை இருக்கும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார். இவ்வளவு நெருக்கமாக வந்தது இன்று படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

அன்றைய தொலைவுக் கணக்கில் ஆதிரையின் விட்டம் சுமார் 38 கோடி கிலோமீட்டர். செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். இன்றோ விட்டம் நூறு கோடியைத் தாண்டுகிறது. ஆரம் சூரியனைப்போல் சுமார் 760 மடங்கு. பீஸ் அளந்த கோணம் பெரிதாக மாறவில்லை. நூறாண்டில் மாறியது தொலைவு மட்டுமே: 180 ஒளியாண்டு என்றிருந்தது 550 ஆனது. நடுவில் சிலர் 700க்கும் மேல் கொண்டுபோனார்கள்.

இந்தப் பெருமீன்கள் எல்லாமே முதுமையில் ஊதிப்போனவை. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் கரு சுருங்கிச் சூடேற, மேலுறை விரிந்து குளிர்ந்து சிவக்கிறது. அளவில் பெரியது எடையிலும் பெரியதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. டாரன்டுலா நெபுலாவில் உள்ள ஆர்136ஏ1 ஏறத்தாழ இருநூறு சூரியன்களின் எடை உடையது. அதன் ஆரமோ சில பத்து மடங்கைத் தாண்டாது. மாறாக, பெருநாய் மண்டலத்தின் விஒய் கேனிஸ் மேஜோரிஸ் சுமார் 17 சூரியன் எடையை வைத்துக்கொண்டு வியாழனின் சுற்றுப்பாதையையே விழுங்கும் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. அதன் சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடும் காற்றில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிப்பட்ட ஒன்றுக்கு விளிம்பு என்று எதைச் சொல்வது? எந்த நிற ஒளியில் பார்க்கிறோமோ அதற்கேற்ப அதன் அளவு மாறுகிறது. போதாக்குறைக்கு, இவை தூசியைக் கக்கித் தம்மைத் தாமே மூடிக்கொள்கின்றன. 2019 முடிவிலும் 2020 தொடக்கத்திலும் ஆதிரை மங்கியபோது, வெடிக்கப்போகிறது என்று உலகம் பரபரத்தது. குறுக்கே வந்தது அது உமிழ்ந்த தூசிதான் என்று பின்னால் விளங்கியது.

விஒய் கேனிஸ் மேஜோரிஸ் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2006ஆம் ஆண்டில் மட்டும் அதைப் பற்றி இரண்டு முடிவுகள் வந்தன. ஒரு குழு, வெப்பநிலையைத் திருத்திக் கணக்கிட்டு, ஆரம் 600 மடங்குதான் என்றது. ராபர்ட்டா ஹம்ஃப்ரீஸ், தூசி மறுபடி உமிழும் அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்தால் 1,800 முதல் 2,100 வரை வரும் என்றார். 2012இல் சிலியின் பரனால் மலைத் தொலைநோக்கிகள் நேரடியாகக் கோணத்தை அளந்து 1,420 என்று வைத்தன. தற்போது இணையத்தில் முடிசூடி நிற்கும் ஸ்டீபன்சன் 2-18க்கு அந்த நேரடி அளவையும் இல்லை. 2,150 மடங்கு என்பது ஒளிர்வையும் வெப்பநிலையையும் வைத்துப் போட்ட கணக்கு. அதன் பெயரில் உள்ள ஸ்டீபன்சன் 2 என்ற விண்மீன் கொத்தை அது சேர்ந்ததுதானா என்பதே ஐயம். விண்மீன்கள் 1,500 மடங்கு அளவோடு நின்றுவிடும் என்கிறது கோட்பாடு.

மிகச் சுவையான வீழ்ச்சி எப்சிலான் ஆரிகேயினுடையது. 27 ஆண்டுக்கு ஒருமுறை அந்த விண்மீன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மங்கிக் கிடக்கும். எதுவோ குறுக்கே போகிறது. 1937இல் கைப்பர், ஸ்ட்ரூவ, ஸ்ட்ரோம்கிரென் ஆகிய மூவரும், அது கண்ணுக்குப் புலப்படாத, ஒளி ஊடுருவும் ஒரு மாபெரும் அகச்சிவப்பு விண்மீன் என்று விளக்கம் தந்தார்கள். சூரியனைப்போல் 2,000, 3,000 மடங்கு என்று பாடநூல்கள் பல காலம் அதைப் போற்றின. 1965இல் சு-ஷு ஹுவாங், அது விண்மீனே இல்லை, தட்டையான வட்டு என்றார். 2009இல் அடுத்த மறைப்பு தொடங்கியதும் மவுண்ட் வில்சனிலேயே அமைந்த சாரா குறுக்கீட்டுமானி அதைப் படமெடுத்தது. கரிய வட்டு ஒன்று விண்மீனின் முகத்தைக் கடப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அண்டத்தின் மிகப் பெரிய விண்மீன் என்று பேர் வாங்கியது ஒரு தூசித் தட்டு!

இப்போதைய போட்டியாளர்களில் எனக்கு நம்பிக்கை தருவது டபிள்யூஓஎச் ஜி64. அது நம் பால்வழியில் இல்லை; பெரிய மெகல்லானிய மேகத்தில், 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. தொலைவில் இருப்பதே அதற்கு அனுகூலம். ஏனென்றால் அந்த மேகத்தின் தொலைவு ஒரு விழுக்காட்டுத் துல்லியத்தில் தெரிந்தது. யூஒய் ஸ்கூட்டியைக் கவிழ்த்த ஐயம் இங்கே எழாது. 2009இல் கணிக்கப்பட்ட ஆரம் ஏறத்தாழ 1,540 மடங்கு. 2024 நவம்பரில் கெய்ச்சி ஓனாகாவின் குழு, பரனாலின் குறுக்கீட்டுமானியால் எடுத்த அதன் அண்மைப் படத்தை வெளியிட்டது. பால்வழிக்கு வெளியே ஒரு விண்மீனை அவ்வளவு நெருங்கிப் பார்த்தது அதுவே முதல் தடவை. படத்தில் இருப்பது முட்டை வடிவத் தூசிக் கூடு. பத்தாண்டுகளில் விண்மீன் கணிசமாக மங்கியும் போயிருக்கிறது. அது சிவப்பு நிலையைக் கடந்து மஞ்சளாகிவிட்டது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள், மற்றவர்கள் மறுக்கிறார்கள். மஞ்சளானது உண்மையென்றால், 1,540 என்ற எண் அந்த விண்மீனின் பழைய உடம்புக்கு எடுத்த அளவு.